ஸ்டோமாவோடு வீடு திரும்பும் புற்றுநோயாளிகள்: மனத்தெம்புக்கு எந்த உதவி உண்மையில் கைகொடுக்கிறது?

தும்பை (கேள்வி)

வணக்கம். புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். மலக்குடல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஸ்டோமாவோடு (மலமோ சிறுநீரோ பைக்குள் வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு) வீடு போகிறவர்களுக்காக, முதல் 12 வாரத்துக்கான ஆதரவுத் திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டோமா நர்ஸ்கள், மருத்துவர்கள், நோயாளிகளைப் போய்ச் சந்திக்கும் தன்னார்வலர்கள் எல்லோரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

மீள்திறனை (அடி வாங்கிய மனம் மீண்டெழும் திறனை) அளக்க கானர்-டேவிட்சன் அளவுகோலும் (25 கேள்விகள், மொத்தம் 100), சமூக ஆதரவை அளக்க ஜிமெட் குழுவின் 12 கேள்விப் படிவமும் வைத்திருக்கிறோம். ஆதரவு மதிப்பெண் பலருக்கும் நன்றாகவே வருகிறது. மனைவியோ மகனோ எந்நேரமும் கூடவே இருக்கிறார்கள். பையைக் காலி செய்வது, மாற்றுவது எல்லாம் அவர்கள் கையில். ஆனாலும் நோயாளி வாசலைத் தாண்டுவதில்லை. மீள்திறன் மதிப்பெண்ணும் நகர்வதில்லை. பெரிய துணை எதுவும் இல்லாத சிலரோ தாமாகவே வெளியே போய்வரத் தொடங்கிவிடுகிறார்கள்.

இது ஏன்? குடும்பத்தாரிடம் எதைச் செய்யச் சொல்வது, எதை விடச் சொல்வது? ஏற்கெனவே ஸ்டோமாவோடு வாழ்கிற ஒருவரை எப்போது அழைத்து வருவது நல்லது? எந்தக் கட்டத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்? "மனசைத் திடமா வெச்சுக்கங்க" என்பதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுதான் என் தேவை. நடைமுறை விவரம் எவ்வளவு இருந்தாலும் நல்லது.

கைவிளக்கு

தும்பை, நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக் காணோம்: கசிவு. திட்டத்தின் முதல் பக்கத்தில் அதை வையுங்கள். பை எந்த நேரத்திலும் விட்டுவிடும் என்று பயப்படுகிறவரின் பயம், பை நிஜமாகவே விட்டுக்கொண்டிருக்கும் வரை நியாயமான பயம்தான். அதைப் பேசித் தீர்க்க முடியாது. பிளேட்டை, அதாவது பையைத் தாங்கித் தோலில் ஒட்டியிருக்கும் தகட்டை, சரிசெய்துதான் தீர்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டு கொடுத்துவிடுங்கள். பிளேட் ஒட்டிய நாளும் நேரமும், கழற்றிய நேரம், கசிந்ததா, எந்தப் பக்கம் கசிந்தது, அப்போது உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா. இவ்வளவு போதும். கழற்றிய பிளேட்டை உடனே குப்பையில் போடாமல் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையைச் சுற்றி ஒட்டும் பசை வெளுத்து, ஊறி, கொழகொழவென்று ஆகியிருக்கும். அந்த வெள்ளை வளையம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, மெல்லிதாக இருந்தால் மாற்றும் இடைவெளி சரி. வளையம் 1 செ.மீ.க்கு மேல் பரவியிருந்தால் இன்னும் ஒரு நாள் முன்னதாகவே மாற்ற வேண்டும். ஒரே திசையில் மட்டும் வால் மாதிரி நீண்டு விளிம்பு வரை போயிருந்தால் அங்கே தோலில் மடிப்போ குழியோ இருக்கிறது. கடிகாரக் கணக்கில் 6 மணிப் பக்கம், 9 மணிப் பக்கம் என்று குறித்துக்கொண்டால், அந்த இடத்தில் மட்டும் அரை வளையமோ பேஸ்டோ வைத்து மேடாக்கிவிடலாம். ஸ்டோமா தோல் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இருந்தால் தட்டையான பிளேட் நிற்காது. குவிந்த பிளேட்டும் பெல்ட்டும் வேண்டியிருக்கும். அதை ஸ்டோமா நர்ஸ் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், தாமாக வாங்கிப் போடக்கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு ஓட்டையின் அளவு. ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கியிருக்கும் ஸ்டோமா 6 முதல் 8 வாரம் வரை சுருங்கிக்கொண்டே வரும். ஆஸ்பத்திரியில் வெட்டிக்கொடுத்த அளவையே இரண்டு மாதம் கழித்தும் வெட்டிக்கொண்டிருப்பார்கள். சுற்றிலும் அரை செ.மீ. தோல் திறந்து கிடக்கும், அதில் மலம் பட்டுப் புண்ணாகும், புண்ணிலிருந்து நீர் கசியும், ஈரத்தில் பிளேட் ஒட்டாது, மறுபடி கசியும். இந்தச் சுழலில் மாட்டியவர்தான் உங்கள் படிவத்தில் "நம்பிக்கை இல்லை" என்று எழுதுகிறவர். வாரம் ஒருமுறை அளந்து, ஸ்டோமாவை விட சுற்றிலும் 2 மி.மீ. பெரிதாக வெட்டினால் போதும். புற்றுநோயாளிகளுக்கு இன்னொன்றும் உண்டு. எடை வேகமாக இறங்கும்போது வயிற்றின் வடிவமே மாறி, நேற்று வரை நின்ற பிளேட் இன்று நிற்காது. எடை குறைந்திருந்தால் உட்கார வைத்து, குனிய வைத்து மடிப்புகளைப் புதிதாகப் பாருங்கள்.

தோலுக்கு எண்ணெய், கிரீம், மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர், பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தல். ஸ்டோமா பவுடர், தோல் உரிந்து ஈரமாக இருக்கும் இடத்துக்கு மட்டும். தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். பவுடர் குவிந்திருந்தால் அதன்மேல் எதுவும் ஒட்டாது. பையை மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி நிறைந்ததும் காலி செய்யச் சொல்லுங்கள். நிரம்பிய பையின் கனமே பிளேட்டை இழுத்துக் கிளப்பிவிடும். பிளேட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ தெரிந்தால் அது கசிவின் முதல் அறிகுறி. "நாளைக்குத்தான் மாற்றும் நாள்" என்று காத்திருக்கக்கூடாது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. மனைவியே எல்லாம் செய்யும் வீட்டில் நோயாளி ஏன் முடங்குகிறார்? மனைவி இல்லாத இடத்தில் அவரால் பத்து நிமிடம் கூட இருக்க முடியாது என்பதால்தான். அவருக்கு உதவி கிடைத்திருக்கிறது, திறமை கிடைக்கவில்லை. அதனால் கைமாற்றுவதற்கும் தேதி போட்டு எழுதுங்கள். வீடு போவதற்கு முன்பே பையைக் காலி செய்து வாயை மூடுவது நோயாளியின் சொந்தக் கையால் நடந்திருக்க வேண்டும். மாற்றுவதைக் கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்: மற்ற எல்லாவற்றையும் வீட்டார் செய்து முடித்த பிறகு, ஒட்டிய பிளேட்டின் மேல் நோயாளி தன் உள்ளங்கையை ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தி வைத்திருக்கட்டும். பசை சூட்டிலும் அழுத்தத்திலும்தான் பிடிக்கும், ஆக அது ஒப்புக்கான வேலை இல்லை. அடுத்த முறை ஒட்டுவதும் அவர். அதற்கடுத்து சுத்தம் செய்தல், பிறகு அளத்தல், வெட்டுதல், கடைசியாகப் பழையதைக் கழற்றுதல். முதல் முறை பார்க்கவே முடியாதவர்களுக்கு இந்த வரிசை நன்றாகப் பொருந்துகிறது. சுத்தமான, மூடிய பையைத் தொடுவதில் ஆரம்பிக்கிறார்கள், கலங்க வைக்கும் பகுதி கடைசியில் வருகிறது. வயிறு மறைத்தால் நிற்கும் கண்ணாடி ஒன்று வைத்துக்கொடுங்கள். இலியாஸ்டமிக்காரர்களுக்கு (சிறுகுடலில் ஸ்டோமா வைத்தவர்களுக்கு) மாற்றும் நேரம் காலை, எதுவும் சாப்பிடுவதற்கு முன். அப்போதுதான் ஸ்டோமாவிலிருந்து வரும் ஓட்டம் குறைவாக இருக்கும்.

இந்த நாட்களில் வீட்டார் பக்கத்தில் நிற்கலாம், பொருளை எடுத்துக் கொடுக்கலாம். கையை மட்டும் நீட்டக்கூடாது. பதறி நடுவில் வாங்கிச் செய்து முடித்துவிட்டால் அன்றைய பாடம் "உன்னால் முடியாது" என்பதாக ஆகிவிடும்.

மருதம்

கைவிளக்கு சிஸ்டர் சொன்னதற்கு முன்னால் ஒரு படி சேர்க்க வேண்டும். குறிப்பாக இலியாஸ்டமிக்காரர்களுக்கு.

சோர்வு, எதிலும் ஆர்வமில்லாமை, தூக்கமின்மை, கவனம் சிதறல், படபடப்பு. இதைப் பார்த்ததும் மனச்சோர்வு என்று எழுதிவிடுகிறோம். நீரிழப்பும் சோடியம், மெக்னீசியம் குறைவதும் இதே முகத்தோடுதான் வரும். சிறுகுடலில் வைத்த ஸ்டோமா படிந்த பிறகு ஒரு நாளைக்குச் சுமார் 500 முதல் 1000 மி.லி. வரை வெளியேற்றும். 1500 மி.லி.யைத் தாண்டினால் அது அதிக ஓட்டம். அன்றே கவனிக்க வேண்டும். அளவுக் குவளையில் ஊற்றி இரண்டு நாள் எழுதச் சொல்லுங்கள், கூடவே சிறுநீரின் அளவையும் நிறத்தையும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, கெண்டைக்கால் இழுக்கிறதா என்று கேளுங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின் பார்த்துவிட்டு மனதைப் பற்றிப் பேசலாம்.

வீட்டார் இங்கே நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதல் ஒன்று உண்டு: "நிறையத் தண்ணி குடிங்க." ஓட்டம் அதிகமாக இருக்கும்போது வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் குடலிலிருந்து உப்பு இன்னும் அதிகமாக வெளியே இழுக்கப்பட்டு ஓட்டம் கூடும். தேவை உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல். 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது குடல் சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவு. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நோயாளி பயந்து மறைக்கும் சில விஷயங்களையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் வரும். ரத்தநாளங்கள் நிறைந்த ஈரச் சவ்வு அது, வலி உணரும் நரம்பு அதில் இல்லை. தானாக அசையும், சுருங்கும். மலக்குடலை முழுதும் எடுத்தவர்களுக்குக் கூட மலம் கழிக்க வேண்டும் போன்ற உணர்வு வரும். மலக்குடலை விட்டுவைத்திருந்தால் ஆசனவாய் வழியாகச் சளி வரும். இதையெல்லாம் யாரும் சொல்லாததால், புற்றுநோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டி இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் உண்டு. ஸ்டோமா கறுத்தாலோ கருநீலமானாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, இலியாஸ்டமியில் 4 முதல் 6 மணி நேரம் எதுவும் வராமல் வயிற்றுப் பிசைவும் வாந்தியும் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எதற்குப் பயப்பட வேண்டும் என்பது திட்டவட்டமாகத் தெரிந்தால் மற்றதற்கெல்லாம் பயம் குறையும்.

தும்பை

இருவருக்கும் நன்றி. கசிவு நோட்டையும் ஓட்ட அளவையும் முதல் வாரத்திலேயே சேர்த்துவிட்டேன். ஒரு சந்தேகம். நன்றாகவே தாமாகச் செய்துகொண்டிருந்தவர்கள் கீமோ தொடங்கியதும் மறுபடி முழுக்க வீட்டாரிடம் விட்டுவிடுகிறார்கள். அதை மனத்தளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதா?

கைவிளக்கு

முதலில் விரல்களைப் பாருங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போகிறவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும், குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுரீரென்று குத்தும். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர்களுக்கு உள்ளங்கை சிவந்து உரியும். இந்தக் கையால் வளைவுக் கத்தரியைப் பிடித்து வட்டமாக வெட்டுவதும், கிளிப்பை அழுத்தி மூடுவதும் கஷ்டம். அவர் சொல்வது "என்னால முடியல" என்பது. நாம் எழுதுவது "ஊக்கமின்மை" என்று.

மாற்று வழி இருக்கிறது. ஸ்டோமாவின் அளவு நிலைத்துவிட்டால் முன்பே வெட்டிய பிளேட் கிடைக்கும். கிளிப்புக்குப் பதிலாக மடித்து ஒட்டும் வாய் உள்ள பை, இரண்டு பாகத்துக்குப் பதிலாக ஒரே பாகப் பை. அதுவும் கிடைக்காவிட்டால், வீட்டார் ஒரு வாரத்துக்கான பிளேட்டுகளை மொத்தமாக வெட்டி வைக்கட்டும், ஒட்டுவது நோயாளியின் வேலையாகவே இருக்கட்டும். வேலையைப் பிரிக்கும்போது அவர் பக்கம் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும்.

கீமோ காலத்தில் கையுறை பற்றியும் பேசியாக வேண்டும். மருந்து உடம்பிலிருந்து மலம், சிறுநீர் வழியே வெளியேறும் என்பதால், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் குறைந்தது 48 மணி நேரத்துக்கு, பையைத் தொடும் வீட்டார் கையுறை போட வேண்டும். சில மருந்துகளுக்கு அது இன்னும் நீளும், கீமோ நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காரணத்தை யாரும் விளக்காததால், நேற்று வரை வெறும் கையால் தொட்ட மகள் இன்று கையுறையோடு வந்தால் அவருக்கு அது அருவருப்பாகத்தான் தெரியும். "இது மருந்துக்காக, உங்களுக்காக இல்லைப்பா" என்று மகளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருந்து வெளியேறும் நாட்கள் முடிந்ததும் மறுபடி வெறும் கையால் அவர் தோளைத் தொட்டுப் பேசுவதும் முக்கியம்.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையும்போது ஸ்டோமா லேசாகத் துடைத்தாலே ரத்தம் கசியும். ஈரத்துணியால் 5 நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் போன் செய்ய வேண்டிய எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள். கீமோவால் பேதி வந்தால் மருதம் சார் சொன்ன அளவுக் குவளை மறுபடி வெளியே வர வேண்டும்.

நெய்தல்

அளவுகோல் பற்றி. ஜிமெட் படிவம் (1988) கேட்பது, உதவ ஆள் இருப்பதாக நோயாளி உணர்கிறாரா என்பதை: குடும்பம், நண்பர்கள், மனதுக்கு நெருங்கிய ஒருவர் என்று மூன்று பிரிவு. அந்த உதவி எந்த வடிவில் வருகிறது என்று அது கேட்பதில்லை. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் மூன்றையும் பிரித்துப் பாருங்கள். குடும்பம் உச்சத்தில், நண்பர்கள் அடிமட்டத்தில் என்று வந்தால் நீங்கள் விவரிக்கும் ஆள் அவர்தான். ஸ்டோமாவுக்கென்றே உள்ள கருவிகளையும் சேருங்கள்: 20 கேள்விகள் கொண்ட ஸ்டோமா வாழ்க்கைத்தரப் படிவம் தூக்கம், தாம்பத்தியம், குடும்ப உறவு, வெளியுறவு என்று தொடுகிறது. கானர்-டேவிட்சனில் ஏற்றத்தை மாதாமாதம் எதிர்பார்க்காதீர்கள். பொதுவான மனப்பாங்கை அளப்பதற்கென 2003இல் வந்த கருவி அது. "இந்த வாரம் தனியாக எத்தனை முறை பை மாற்றினீர்கள், எத்தனை முறை வெளியே போனீர்கள்" என்ற இரண்டு கேள்வி உங்களுக்கு அதைவிட விரைவாகப் பதில் சொல்லும்.

வெளியே போவதைப் படிகளாக்குங்கள். பையைக் காலி செய்த கையோடு 15 நிமிட நடை. அடுத்து, கழிப்பறை எங்கே என்று தெரிந்த ஓர் இடம். பிறகு வெளியே ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு ஒரு மணி நேரப் பயணம். புறப்படுமுன் "என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், நூற்றுக்கு எவ்வளவு" என்றும், திரும்பியதும் "என்ன நடந்தது" என்றும் எழுதச் சொல்லுங்கள். ஒரே படியை, பயம் பாதியாகக் குறையும் வரை திரும்பச் செய்துவிட்டு மேலே போங்கள். கசிவு நின்ற பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். கசியும் பையோடு அனுப்பினால் பயம் நிரூபணமாகிவிடும்.

பயத்தைக் காப்பாற்றி வைக்கும் பழக்கங்களைக் கண்டுபிடியுங்கள். முதலாவது, வெளியே போகும் நாளில் பட்டினி கிடப்பது. வெறும் வயிற்றில் காற்று அதிகமாகும், இலியாஸ்டமியில் ஓட்டம் தண்ணீராகும், நோக்கம் தலைகீழாகும். இரண்டாவது, "வாடை வருதா, வாடை வருதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. இன்றைய பைகளின் பிளாஸ்டிக் வாடையை வெளியே விடாது. காலி செய்யாத நேரத்தில் வாடை வந்தால் விளிம்பில் கசிவு அல்லது பையின் வாயைச் சரியாகத் துடைக்கவில்லை என்று அர்த்தம். நம்பிக்கையான ஒருவர், உண்மையைச் சொல்பவர், புறப்படும்போது ஒருமுறை மட்டும் பதில் சொன்னால் போதும். கேட்கும்போதெல்லாம் "இல்ல, இல்ல" என்று ஆறுதல் சொல்வது சந்தேகத்துக்குத் தீனி போடுவது.

மனநல மருத்துவரிடம் அனுப்பும் எல்லை: 0 முதல் 10 வரையிலான மன உளைச்சல் வெப்பமானி என்ற அளவுகோலில் 4 அல்லது மேல் என்றால் நீங்கள் விரிவாகப் பேச வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தில் 10 அல்லது மேல் என்றால் அனுப்புங்கள். அந்தப் படிவத்தில் தூக்கம், பசி, சோர்வு பற்றிய கேள்விகளுக்குக் கீமோவே மதிப்பெண் போட்டுவிடும்; ஆர்வமிழப்பு, பயனற்றவன் என்ற எண்ணம், நம்பிக்கையின்மை ஆகியவற்றைத் தனியாகக் கவனியுங்கள். சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யத்தைத் தவிர எந்த எண் வந்தாலும் அன்றே நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா? அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியே விடாதீர்கள், உடனே மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள், வீட்டில் உள்ள வலி மாத்திரைகளின் இருப்பு வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

மருந்துச் சீட்டு எழுதுபவரிடம் "ஸ்டோமா இருக்கிறது, இன்ன வகை" என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரைகளும் குடலில் மட்டும் கரையும் உறை போட்டவையும் இலியாஸ்டமியில் முழுதாகவே பைக்குள் வந்து விழலாம். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஓட்டத்தைக் கூட்டலாம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை, கொலாஸ்டமிக்காரருக்கு (பெருங்குடலில் ஸ்டோமா வைத்தவருக்கு) மலச்சிக்கல் தரும். முன்பிருந்தே லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவருக்கு இலியாஸ்டமி வைத்தால் கூடுதல் எச்சரிக்கை: நீரிழப்பில் லித்தியம் ரத்தத்தில் நஞ்சாகும் அளவுக்கு ஏறிவிடும்.

இணைகை

தன்னார்வலர் சந்திப்புக்கு வருகிறேன். ஸ்டோமா நர்ஸிங் என்ற துறையே ஒரு நோயாளியிடமிருந்து வந்ததுதான். 1958இல் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், தன்னிடம் இலியாஸ்டமி வைத்துக்கொண்ட நார்மா கில் என்பவரையே மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேலைக்கு அமர்த்தினார். ஸ்டோமாவோடு ஒருவர் சாதாரணமாக உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதைப் பார்ப்பதே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் ஏனோதானோ என்று அனுப்பினால் கெடுதலும் உண்டு.

முடிந்தால் ஆபரேஷனுக்கு முன் ஒரு சந்திப்பு. ஸ்டோமா வைக்க வயிற்றில் இடம் குறிக்கும் நாளாக இருந்தால் நல்லது. அடுத்தது வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து. சந்தேகங்கள் அப்போதுதான் வாயில் வரும். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில், வலியிலும் மயக்கத்திலும் இருப்பவரிடம் யாரையும் அனுப்ப வேண்டாம். பொருத்தும்போது ஸ்டோமா வகை, பால், வயது, முடிந்தால் அதே நோய். யூராஸ்டமிக்காரரிடம் (சிறுநீருக்காக ஸ்டோமா வைத்தவரிடம்) கொலாஸ்டமிக்காரரை அனுப்பினால் இரவுப் பை பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சந்திக்கப் போகிறவருக்குச் சொந்த சிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது ஆகியிருக்கட்டும், பயிற்சியும் எடுத்திருக்கட்டும். மருந்து சொல்லக்கூடாது, பிராண்ட் பரிந்துரைக்கக்கூடாது, "உங்களுக்கு எந்த ஸ்டேஜ்" என்று கேட்கவே கூடாது. அரை மணி, முக்கால் மணி போதும். நோயாளி கேட்காதவரை தன் வயிற்றைத் திறந்து காட்டவும் கூடாது.

புற்றுநோயாளிகளின் குழுவில் மட்டும் வரும் பிரச்சினை ஒன்று உண்டு. சந்திக்க வந்தவருக்கே நோய் திரும்பலாம், குழுவில் ஒருவர் இறந்துபோகலாம். அந்தச் செய்தியை யார், எப்படிச் சொல்வது, யாருக்குத் தனியாகப் போன் செய்வது என்று குழு தொடங்கும்போதே முடிவு செய்து வையுங்கள். செய்தி வாட்ஸப்பில் திடீரென்று வந்து விழும் நிலைக்கு விட்டால், பலரும் மறுநாளே சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள்.

யாரிடம் சொல்வது என்பதை மூன்று வட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எல்லாம் தெரிய வேண்டியவர்கள்: துணைவர், வீட்டில் இன்னும் ஒருவர். அவசரத்துக்குத் தெரிய வேண்டியவர்: வேலையிடத்தில் ஒருவர், "எனக்கு வயித்துல ஒரு பை இருக்கு, சில நேரம் சட்டுனு எழுந்து போவேன், தேடாதீங்க" என்ற அளவில். மற்ற எல்லோருக்கும் "வயித்துல ஆபரேஷன் ஆச்சு, இப்ப பரவாயில்ல" போதும். இந்த வாக்கியங்களை உங்கள் அறையிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழக வையுங்கள்.

கையோடு எடுத்துப்போகும் பையில் வெட்டிய பிளேட் இரண்டு, பை இரண்டு, ஈரத்துடைப்பான், கிளிப், குப்பைக்கு இருட்டு நிற உறை, மாற்று உடை. வெயிலில் நிறுத்திய காரில் வைக்கக்கூடாது, பசை இளகிவிடும்.

தாம்பத்தியத்தைப் பற்றி நோயாளி கேட்கும் வரை காத்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். மலக்குடல், சிறுநீர்ப்பை ஆபரேஷனிலும் ரேடியேஷனிலும் இடுப்பு நரம்புகள் பாதிக்கப்படலாம். ஆண்களுக்கு விறைப்பு குறையலாம். மீண்டால் கூட மாதக்கணக்கில் ஆகும், அதனால் மருந்து பற்றி ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். பெண்களுக்கு வறட்சியும் இறுக்கமும் வரும். வழவழப்பு ஜெல்லும், ரேடியேஷனுக்குப் பின் யோனி விரிப்பானும் உதவும். பையை முன்பே காலி செய்து மடித்துக் கட்டிக்கொள்ளலாம் அல்லது உறை போடலாம், பக்கவாட்டில் படுத்தால் பையில் அழுத்தம் விழாது. மாதக்கணக்கில் தினமும் பை மாற்றிவிடும் துணைவர் மெல்ல மெல்ல நர்ஸாகவே மாறிவிடுகிறார். இருவருமே அதைச் சொல்வதில்லை. வேலையை நோயாளியின் கைக்கு மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தும்பை

இணைகை, நெய்தல், மிகவும் நன்றி. கடைசியாக ஒன்று: தற்காலிக இலியாஸ்டமி உள்ளவர்கள் "மூடத்தானே போறாங்க, எதுக்குக் கத்துக்கணும்" என்கிறார்கள். அவர்களுக்கும் இதே திட்டமா?

மருதம்

இதே திட்டம்தான், இன்னும் கண்டிப்பாக. தற்காலிகம் என்றால் வழக்கமாக 8 முதல் 12 வாரத்தில் மூடுவார்கள். ஆனால் கீமோ இருந்தால் அது முடியும் வரை தள்ளிப்போவது சகஜம், ஆறு மாதத்தைத் தாண்டுவதும் உண்டு. குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு, நோய் பரவல், உடல்நிலை காரணமாகச் சிலருக்கு மூடவே முடியாமல் போகும். குறித்த தேதியை நம்பி வாழ்க்கையை நிறுத்தி வைத்திருப்பவர், தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் புதிதாக உடைகிறார். அதனால் தேதி சொல்லாமல் நிபந்தனைகளைச் சொல்லுங்கள்: கீமோ முடிய வேண்டும், இணைப்பு ஆறியிருக்கிறதா என்று பரிசோதனையில் தெரிய வேண்டும், எடையும் ரத்த அளவும் தேற வேண்டும். ஒவ்வொன்றும் முடிந்ததும் நோட்டில் டிக் போடலாம்.

மூடிய பிறகு என்ன ஆகும் என்பதையும் இப்போதே சொல்லுங்கள். மலக்குடலின் பெரும்பகுதி போனவர்களுக்கு முதல் மாதங்களில் ஒரு நாளைக்குப் பல முறை, அடுத்தடுத்து, அடக்க முடியாத அவசரத்தோடு மலம் வரும். சிலருக்கு அது வருடக்கணக்கில் நீடிக்கும். இடுப்புத்தளப் பயிற்சியை மூடுவதற்கு முன்பே தொடங்கினால் நல்லது, அறுவை மருத்துவர் சரி சொன்ன பிறகு. உங்கள் 12 வாரத் திட்டத்தில், ஸ்டோமா மூடப்பட்ட நாளிலிருந்து இன்னொரு 12 வாரத்துக்கும் இடம் விட்டு வையுங்கள். அந்தச் சமயத்தில் ஸ்டோமா நர்ஸின் சந்திப்பு நின்றுபோயிருக்கும், வீட்டாரும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.